முகூர்த்தப் புடவை: கையில் உள்ள பணத்துக்கு எது கிடைக்கும்?

"தம்பி, முகூர்த்தப் புடவைக்கு எவ்வளவு ஆகும்?"

சந்தாபுராவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டார். பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது.

"கையில் எவ்வளவு இருக்கிறது அய்யா?" என்றேன்.

"பதினைந்தாயிரம். சம்பந்தி வீட்டார் காஞ்சிபுரம் அசல் சரிகை என்கிறார்கள். மீதியை வட்டிக்கு வாங்கலாம் என்று இருக்கிறேன்" என்றார்.

அவரை உட்கார வைத்து, என் தங்கை கல்யாணக் கதையைச் சொன்னேன்.

செம்புக் கம்பி

நாங்களும் கடன் வாங்கித்தான் எடுத்தோம். "அசல் வெள்ளிச் சரிகை" என்று கடைக்காரர் வாயால் சொன்னார். ரசீதில் "பட்டுப்புடவை 1" என்று மட்டும் எழுதினார். வாங்கிய கடனை அடைக்க மூன்று வருடம் ஆயிற்று.

பிறகு ஒரு கஷ்ட காலத்தில், பழைய பட்டுப்புடவை வாங்குபவரிடம் தங்கை அதைக் கொண்டு போனாள். அவர் சரிகையைச் சுரண்டிப் பார்த்தார். "இது செம்பு அம்மா, வெள்ளி இல்லை" என்று மடித்துக் கொடுத்துவிட்டார். தங்கை அழுதுகொண்டே வீடு திரும்பினாள்.

சரிகை என்றால் என்ன?

அசல் சரிகை என்பது, பட்டு நூல் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்கம் பூசியது. செம்புக் கம்பிக்கு வெள்ளி முலாம் பூசியதை "டெஸ்டட்" சரிகை என்பார்கள். அதற்கும் கீழே பிளாஸ்டிக் சரிகை உண்டு. மூன்றும் கடை விளக்கில் ஒன்று போலவே மின்னும்.

டெஸ்டட் சரிகை வாங்குவது குற்றம் அல்ல. அதை அசல் விலைக்கு வாங்குவதுதான் ஏமாற்றம்.

எந்தப் பணத்துக்கு எது?

இரண்டாயிரம் ரூபாய் அளவில் என்றால் சேலம் அருகே இளம்பிள்ளையில் நெய்யும் செயற்கைப் பட்டு. பார்வைக்குக் குறை இருக்காது. ஆனால் பட்டு என்று நினைத்து வாங்கக்கூடாது.

ஆறாயிரம் முதல் பன்னிரண்டாயிரம் வரை ஆரணி, தர்மாவரம் பட்டுகள் கிடைக்கும். பட்டு அசல், சரிகை பெரும்பாலும் டெஸ்டட்.

பதினைந்தாயிரத்தை ஒட்டி, டெஸ்டட் சரிகை போட்ட காஞ்சிபுரம் பட்டு எடுக்கலாம்.

இருபதாயிரத்துக்கு மேல் என்றால் கர்நாடக அரசு நிறுவனத்தின் மைசூர் பட்டு. 1912-ல் மைசூரில் தொடங்கிய ஆலையில் நெய்வது.

அசல் சரிகை காஞ்சிபுரத்துக்கு நாற்பதாயிரமாவது வேண்டும். வெள்ளி விலை ஏற ஏற இதுவும் ஏறும்.

இவை ஏறக்குறைய உள்ள விலைகள். ரவிக்கைத் தையல் கூலியைத் தனியாக எடுத்து வையுங்கள்.

எங்கே போவது?

சந்தாபுராக்காரர்களுக்கு இப்போது சிக்பேட்டை தூரம் இல்லை. பொம்மசந்திராவில் இருந்து மஞ்சள் பாதை மெட்ரோ 2025 ஆகஸ்டில் தொடங்கிவிட்டது. ஆர்.வி. ரோடில் பச்சைப் பாதைக்கு மாறினால் சிக்பேட்டையிலேயே இறங்கலாம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் புடவை வேண்டும் என்றால் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. 1935-ல் தொடங்கிய நிறுவனம் அது.

எதைப் பார்ப்பது?

முதலில் "சில்க் மார்க்" சீட்டு. மத்திய பட்டு வாரியத்தின் ஏற்பாட்டில் 2004-ல் வந்தது இது. ஓசூர் ரோட்டில் நாம் தினமும் "சில்க் போர்டு" என்று டிக்கெட் கேட்கிறோமே, அதே வாரியம்தான். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். அந்தச் சீட்டு பட்டுக்குத்தான் சாட்சி, சரிகைக்கு அல்ல.

இரண்டாவது, முந்தானை ஓரத்தில் ஒரு இழை கேட்டு வாங்கிக் கொளுத்திப் பாருங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் பொடியாகும். செயற்கை நூல் உருகி மணி போலத் திரளும்.

மூன்றாவதுதான் முக்கியம். "அசல் பட்டு, அசல் சரிகை" அல்லது "டெஸ்டட் சரிகை" என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் இருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பெரியவர் என்ன செய்தார்?

வட்டிக்கு வாங்கவில்லை. மனைவி, மகளோடு சிக்பேட்டை போனார். ஒன்பதாயிரத்துக்கு அரக்கு நிறத்தில் ஆரணிப் பட்டு எடுத்தார். ரசீதில் "டெஸ்டட் சரிகை" என்று எழுதி வாங்கினார்.

அந்த ரசீதோடு சம்பந்தி வீட்டுக்கும் போனார். "என்னால் முடிந்தது இதுதான். பொய் சொல்லி எடுக்கவில்லை" என்றார். சம்பந்தி அம்மாள் புடவையைத் தடவிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கள் கல்யாணத்துக்கு நூல் புடவைதான் அண்ணா" என்று சொல்லிக் காப்பி கொண்டு வந்தார்.

முகூர்த்தம் ஒரு மணி நேரம். வட்டி மாதா மாதம் வரும். கையில் உள்ளதை எண்ணிக்கொண்டு கடைக்குப் போங்கள்.