காப்புரிமையின் அற எல்லை

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் உப்பளங்களில், உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலும் காற்றும் அதைச் செறிவாக்கக் காத்திருந்து, உப்பு படியும் பக்குவம் கண்டு வாரியெடுக்கும் அறிவு தலைமுறைகளாகக் கைமாறி வந்த பொதுச்சொத்தாகும். இத்தகைய மரபறிவை எவரும் தம் கண்டுபிடிப்பெனக் கோர இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(p) பிரிவு இடம் தருவதில்லை. காப்புரிமை என்பது, புதிய கண்டுபிடிப்பை வெளிப்படையாக விளக்கியவருக்கு அரசு 20 ஆண்டுகளுக்கு வழங்கும் தனியுரிமை; ஆய்வுழைப்புக்கு ஈடு என்ற அளவில் அது நியாயமானதே. எனினும், அந்த ஈட்டுக்கான விலையை நோயாளி தன் உயிரால் செலுத்த நேரும்போது, அதன் எல்லை எது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது.

சென்னைக் காப்புரிமை அலுவலகம் இக்கேள்வியை நேரில் எதிர்கொண்டது. ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்திலுள்ள இமாடினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் உரிமை கோரியது. அம்மருந்துக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய் செலவான காலத்தில், இந்திய நிறுவனங்கள் தயாரித்த அதே மருந்து ஏறத்தாழ 10,000 ரூபாய்க்குள் கிடைத்தது. அறிந்த பொருளின் புதிய வடிவம், நோய்தீர்க்கும் ஆற்றலில் கூடுதல் பயன் காட்டினாலன்றிக் கண்டுபிடிப்பாகாது என்னும் 3(டி) பிரிவையும் காட்டி, விண்ணப்பம் 2006இல் நிராகரிக்கப்பட்டது. அப்பிரிவையே எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று காப்புரிமை மறுப்புக்கு எதிரான மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை.

நோவார்ட்டிஸ் நிறுவனம் நோயாளிகள் பலருக்கு மருந்தை இலவசமாக வழங்கியது உண்மையே. ஆயினும் கொடை கொடுப்பவரின் விருப்பத்தைச் சார்ந்தது, நோயாளி அதை உரிமையாகக் கேட்க முடியாது. படிப்படியான மேம்பாடுகள் அனைத்துக்கும் காப்புரிமை மறுக்கப்படவில்லை என்பதையும் உச்ச நீதிமன்றம் அதே தீர்ப்பில் தெளிவுபடுத்தியது.