முதல்வர் மறுத்தால் நாடாளுமன்றச் சட்டம் நிற்குமா?

நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை ஒரு முதலமைச்சரோ கட்சித் தலைவரோ எதிர்த்துப் பேசலாம், திருத்தக் கோரலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம். ஆனால் அது நடைமுறையில் உள்ளவரை மீற முடியாது. நாடாளுமன்றச் சட்டங்கள் கடைப்பிடிக்கப்படும் விதத்தில்தான் மாநில அரசு தன் நிர்வாக அதிகாரத்தைச் செலுத்த வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 256ஆவது பிரிவு. கொங்கு மண்டல விவசாயிகள் இதை எரிவாயுக் குழாய் வழக்கில் பட்டறிந்தார்கள்.

கெயில் வழக்கு

கொச்சியிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் கெயில் நிறுவனத்தின் குழாய்ப் பாதை, தமிழகத்தில் சுமார் 310 கிலோமீட்டர். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் வழியே அது திட்டமிடப்பட்டது. விளைநிலங்களில் குழாய் பதிக்க விவசாயிகள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தனர். 2013 மார்ச்சில், குழாயை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுசெல்ல வேண்டும் என்று முதலமைச்சர் ஜெயலலிதா சட்டமன்றத்தில் அறிவித்தார், அரசாணையும் பிறந்தது.

கெயில் நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியம், கனிமக் குழாய்கள் சட்டத்தின்படி நடக்கும் திட்டத்தை நிறுத்தவோ வழிமாற்றவோ மாநில அரசுக்கு அதிகாரம் இல்லை என்று கூறி, 2013 நவம்பர் 25 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. 2016 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. விவசாயிகளின் குறை நியாயமானதுதான். அதைத் தீர்க்கப் பிறப்பித்த ஆணைக்குத்தான் சட்ட பலம் இல்லை.

தோட்டத்தில் என்ன நேரும்?

1962 சட்டம் நிலத்தை வாங்குவதில்லை. பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பட்டா விவசாயி பெயரிலேயே இருக்கும். ஆனால் குழாய் செல்லும் நிலப் பட்டையில் வீடு கட்டவோ கிணறு வெட்டவோ மரம் வைக்கவோ முடியாது. 20 மீட்டர் அகலப் பட்டை ஒரு தென்னந்தோப்பை 100 மீட்டர் நீளத்துக்குக் கடந்தால், ஏறத்தாழ 50 சென்ட் நிலத்தில் இனித் தென்னை வைக்க முடியாது. இதற்கான இழப்பீடு சந்தை மதிப்பில் 10 விழுக்காடு. வெட்டப்படும் மரங்களுக்கும் அழியும் பயிருக்கும் தனி இழப்பீடு உண்டு.

விவசாயியின் உரிமைகள்

பயன்பாட்டு உரிமையை எடுப்பதற்கான அறிவிக்கை வெளியானதிலிருந்து 21 நாட்களுக்குள், உரிய அதிகாரியிடம் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். நேரில் விளக்கவும் உரிமை உண்டு. தலைவர் தடுத்துவிடுவார் என்ற நம்பிக்கையில் இந்த நாட்களைத் தவறவிடுவதே பெரிய ஆபத்து. மேடைப் பேச்சும் சட்டமன்ற அறிவிப்பும் இந்தக் கெடுவை நீட்டிக்காது.

அறிவிக்கைக்கு முன்பே குடியிருப்பாக உள்ள நிலத்திலும், நிரந்தரக் கட்டடம் நிற்கும் நிலத்திலும் குழாய் பதிக்கக் கூடாது. மற்ற இடங்களில் ஒரு மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் பதிக்க வேண்டும். இழப்பீடு போதவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் மனு செய்யலாம். சட்டமே மீறப்பட்டால் 226ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தை நாடலாம். அமைதியாகப் போராடுவது உரிமை. குழாய்ப் பணியை வேண்டுமென்றே தடுப்பது தண்டனைக்குரிய குற்றம்.

தலைவர்கள் செய்யக்கூடியவை

பொதுப் பட்டியலில் உள்ள பொருளில், மத்தியச் சட்டத்துக்கு முரணாகவும் மாநிலம் சட்டம் இயற்றலாம். 254(2) பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தால் அது அந்த மாநிலத்தில் செல்லும். 2014இல் தடையான ஜல்லிக்கட்டு, 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் இப்படித்தான் மீண்டது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பெட்ரோலியமோ மத்தியப் பட்டியலைச் சேர்ந்தது. அங்கே இந்த வழி இல்லை.

அப்போது மாநில அரசு 131ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்தில் வழக்காடலாம், அல்லது நாடாளுமன்றமே சட்டத்தை மாற்ற அழுத்தம் தரலாம். 2020இல் வந்த மூன்று வேளாண் சட்டங்களை, விவசாயிகளின் நீண்ட போராட்டத்துக்குப் பின் 2021 நவம்பரில் நாடாளுமன்றமே திரும்பப் பெற்றது. சட்டமன்றத் தீர்மானம் மக்களின் கருத்தை டெல்லிக்குத் தெரிவிக்கும், சட்டத்தை நிறுத்தாது.

அறிவிக்கை கைக்கு வந்ததும் அதன் தேதியையும் சர்வே எண்ணையும் குறித்துக்கொண்டு, பட்டா, சிட்டா நகல்களுடன் ஆட்சேப மனு அளித்து ஒப்புகைச் சீட்டு பெறுவது முதல் வேலை. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு.