இலைகள் ஏன் நீலம்?

நெதர்லாந்தின் வடக்கே, ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் ஹிண்டலோப்பன் என்றொரு சின்னத் துறைமுக ஊர் இருக்கிறது. அவ்வூர்ப் பெண்கள் ஒரு காலத்தில் அணிந்த நீண்ட மேலங்கிக்கு 'வெந்த்க' என்று பெயர். முன்பக்கம் திறந்து, கணுக்காலை நோக்கி இறங்கும் அங்கி. டச்சு நாட்டுப்புற உடைகளைப் பற்றிய எந்தப் பேச்சிலும் இதற்குத் தனி இடம் உண்டு. ஆனால் தையல்தான் டச்சு. துணி நம் பக்கத்தது. சோழமண்டலக் கரையில் கையால் எழுதிச் சாயமேற்றிக் கப்பலேறிய சீட்டித்துணி அது.

அதில் ஒரு புதிர். பூக்கள் சிவப்பு, கொடிகள் கருப்பு. இலைகளோ பல துணிகளில் நீலமாக இருக்கும். பார்ப்பவர்கள் ஓவியனின் கற்பனை என்று நினைத்து நகர்ந்துவிடுவார்கள். எழுதியவர் இலையைப் பச்சையாகத்தான் விட்டார். நீலமாக்கியது வெளிச்சம்.

அந்தப் பச்சை எப்படி வந்தது, எப்படிப் போனது என்று புரிய, பருத்தியின் பிடிவாதத்திலிருந்து தொடங்கவேண்டும். கம்பளியும் பட்டும் புரதம்; சாயத்தையும் உலோக உப்பையும் இலகுவில் பிடித்துக்கொள்ளும். பருத்தி வெறும் செல்லுலோஸ். தோய்த்தால் நிறம் ஏறும், துவைத்தால் போய்விடும். ஐரோப்பியச் சாயக்காரர்கள் கம்பளியில் கெட்டிக்காரர்களாக இருந்தும் பருத்தியில் தோற்றது இதனால்தான்.

இங்கே முதலில் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் ஊறவைத்து வெயிலில் காயவைத்தார்கள். கடுக்காயின் துவர்ப்புப் பொருளான டானின், இழையில் ஒட்டிக்கொண்டு உலோக உப்புக்குப் பிடிமானம் தருகிறது. பாலின் கொழுப்பு, பின்னால் எழுதப்போகும் திரவம் ஊறும் தாளில் பேனா மை பரவுவதுபோல் பரவிவிடாமல் தடுக்கிறது. எருமைப் பால்தான் வேண்டும் என்பது வீம்பு இல்லை. பசும்பாலைவிட அதில் கொழுப்பு அதிகம்.

பிறகு நடப்பது எனக்கு எப்போதும் வியப்பு. சிவப்புப் பூ எழுத உட்காருகிறவரின் கலத்தில் சிவப்பே இல்லை. படிகார நீரால் எழுதுகிறார். அது கிட்டத்தட்ட நிறமற்றது. கருப்புக் கோட்டுக்கு, இரும்புத் துண்டுகளைப் புளித்த நீரில் ஊறவைத்து எடுத்த கரைசல். அப்புறம் முழுத் துணியையும் சாயவேர் போட்ட கொப்பரையில் காய்ச்சுகிறார்கள். வேரிலுள்ள அலிசரின் என்ற பொருள், படிகாரத்தின் அலுமினியம் இருக்கும் இடத்தில் மட்டும் அதனுடன் பிணைந்து, நீரில் கரையாத சிவப்பாகிறது. மற்ற இடங்களில் ஏறியது சாணம் கலந்த நீரிலும் வெயிலிலும் வெளுத்துப்போகும். படிகாரக் கரைசலின் அடர்த்தியை மாற்றினால் ஒரே கொப்பரையில் இளஞ்சிவப்பும் வரும், குருதிச் சிவப்பும் வரும். கண்ணுக்குத் தெரியாததை எழுதிவிட்டு, கொதிநீரில் படம் எழும்பும் என்று நம்பிக் காத்திருந்த தொழில் இது. அப்படி வந்த நிறம் துவைக்கத் துவைக்கப் பளிச்சென்று ஆனது ஐரோப்பியரைக் கிறங்கடித்தது.

கடலோர மணலில், கிளிஞ்சல் கலந்த நிலத்தில் விளைந்த சாயவேருக்கு மவுசு அதிகம். அலிசரினும் அலுமினியமும் சேர்ந்து உறுதியான சிவப்பாக, இடையில் கால்சியமும் வேண்டும் என்று இன்றைய வேதியியல் சொல்கிறது.

நீலத்துக்கு இந்த வழி ஒத்துவராது. அவுரி நீரில் கரையாது. தொட்டியில் புளிக்கவைத்து ஆக்சிஜனைப் பறித்தால்தான் கரைந்து இழைக்குள் நுழையும். வெளியே எடுத்ததும் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும் துணி, காற்றுப் பட்டு நம் கண்முன்னே நீலமாகும். நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசித்தான் தொட்டியில் முக்குவார்கள். அவுரித் தொட்டி கொதிக்காது என்பதால் மெழுகும் தப்பியது.

பச்சைக்கென்று இயற்கைச் சாயம் எதுவும் அவர்களுக்கு உதவவில்லை. நீல இலையின்மேல் மஞ்சளைக் கடைசியாகத் தீட்டிப் பச்சையாக்கினார்கள். அந்தத் தாவர மஞ்சள் ஒளியில் நிற்காது. இரு நூற்றாண்டில் அது போய்விட, அடியிலிருந்த அவுரி மட்டும் மிஞ்சியது. ஐரோப்பாவின் பழைய திரைச்சீலைகளில் நெய்த காடுகள் நீலமாகத் தெரிவதற்கும் காரணம் இதேதான்.

ஆனால் எல்லா நீலமும் காலத்தின் வேலை அல்ல. ஹிண்டலோப்பனில் சந்தோஷத்துக்குச் சிவப்புச் சீட்டி, துக்கத்துக்கு நீலமும் வெள்ளையும். துக்கத்துக்கான துணி அவுரியில் மட்டும் முக்கி எடுத்தது. தொடக்கத்திலிருந்தே அது நீலம்.

இவ்வளவு துணி அங்கே ஊர் உடையாக வேரூன்றியதற்கு அரசியலும் காரணம். உள்ளூர் நெசவாளர் பிழைப்புப் போகிறது என்று பிரான்ஸ் 1686-லிருந்து 1759 வரை சீட்டியைத் தடைசெய்தது. இங்கிலாந்தும் 1721-இல் கடுமையான சட்டம் போட்டது. டச்சுக்காரர்கள் தடுக்கவில்லை. பழவேற்காட்டிலும், 1690-க்குப் பின் நாகப்பட்டினத்திலும் தலைமையிடம் வைத்துத் துணி வாங்கியது அவர்களுடைய கம்பெனி. வருமானத்தை யார் தடுப்பார்கள்? தடைபோட்ட பிரான்சோ ரகசியத்தைத் தேடியது. 1734 வாக்கில் பொலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் தன் கண்முன் ஒரு துணிக்குச் சாயமேற்றச் செய்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டார். ஏசு சபைப் பாதிரியார் கேர்து, கிறிஸ்தவரான சாயக்காரர்களிடம் கேட்டு 1742-இல் செய்முறையைக் கடிதமாகவே எழுதி அனுப்பினார். தொழில்நுட்பத் திருட்டு என்பது நேற்றைய கண்டுபிடிப்பு அல்ல.

இப்போது அந்த அங்கிகளைக் காட்சிக்கு வைப்பவர்களின் பாடு. அருங்காட்சியகங்கள் துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சமே தருகின்றன. சாதாரண அலுவலக அறையில் 300-க்குக் குறையாது. மங்கலாக இருக்கிறதே என்று வருபவர்கள் முணுமுணுப்பார்கள். ஒளியின் சேதம் சேர்ந்துகொண்டே போவது, ஓய்வு கொடுத்தாலும் திரும்பாது. அதனால் சில மாதம் காட்டிவிட்டு, பல வருடம் இருட்டில் வைக்கிறார்கள். துவைக்கவும் தயங்குவார்கள்: கஞ்சி போட்டுத் தேய்த்து ஏற்றிய பழைய மினுமினுப்பு தண்ணீர் பட்டால் போய்விடும்.

கருப்புக் கோடுகள் வேறு வகையில் தொல்லை. இரும்பும் டானினும் சேர்ந்த அந்தக் கருப்பு, பழைய கையெழுத்துச் சுவடிகளின் இரும்பு மையைப் போலவே, தானிருக்கும் இழையை மெல்ல அரிக்கிறது. மலர் அப்படியே இருக்க, அதைச் சுற்றிய கோடு மட்டும் உதிர்ந்து விரிசலாகும். பின்னாலிருந்து மெல்லிய பட்டுவலையைத் தைத்துத்தான் தாங்கவேண்டும்.

ஒரு துணி உண்மையில் இந்தியாவில் சாயமேறியதா, ஐரோப்பியப் போலியா என்று அறிய ஓர் இழை போதும். ஐரோப்பிய மஞ்சிட்டி வேரில் அலிசரினோடு பர்ப்யூரின் என்ற இன்னொரு சிவப்பும் இருக்கும். சாயவேரில் அதைக் காண்பதில்லை. 1869-இல் கிரேபே, லீபர்மான் என்ற இரு ஜெர்மானியர் அலிசரினை ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டிய பிறகு, வேரைத் தோண்டும் வேலைக்கும் முடிவு வந்தது. பழைய பச்சையைப் பார்க்கவேண்டுமென்றால் அங்கியின் தையல் மடிப்பைத் திருப்பிப் பார்ப்பார்கள் பாதுகாப்பாளர்கள். வெளிச்சம் எட்டாத அந்த விரற்கடைத் துணியில் சிலசமயம் மஞ்சள் தப்பியிருக்கும்.