இருபது முகப் பகடைக்கு ஒரு ரிலீஸ் தேதி!

அமெரிக்காவில் மில்வாக்கி என்று ஓர் ஊர். பீருக்கும் ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிளுக்கும் பேர் போனது. 2000ம் வருஷம் ஆகஸ்ட் 10ம் தேதி வியாழக்கிழமை, அங்கே நீ...ளமாக ஒரு க்யூ நின்றது. சினிமா டிக்கெட்டுக்கு அல்ல, ஒரு புத்தகத்துக்கு! அதுவும் கதைப் புத்தகம் இல்லை, சார். விதிமுறைப் புத்தகம். ரயில் டிக்கெட்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் விதிமுறைகளை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? அங்கே ரூல்ஸ் படிப்பதற்கென்றே லீவு போட்டு, ஊர் விட்டு ஊர் வந்து, 19 டாலர் 95 சென்ட் கொடுத்து வாங்கினார்கள். அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 900 ரூபாய்.

இன்னொரு வேடிக்கை. வாங்கியவர்களில் ஒரு பகுதியினர், அந்தப் புத்தகத்தைத் திட்ட ஆரம்பித்து அதற்குள் ஒரு வருஷம் ஆகியிருந்தது!

புத்தகம், 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டின் மூன்றாம் பதிப்பு. செல்லமாக 'டி அண்ட் டி'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு பேர் சேர்ந்து உருவாக்கி, 1974ல் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரிலிருந்து வெளிவந்தது. ஒரு பெட்டி, உள்ளே மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர். முதலில் அச்சடித்தது ஆயிரம் பிரதிதான்.

எப்படி ஆடுவது? மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்துகொள்ள வேண்டும். அதில் ஒருவர் 'டன்ஜன் மாஸ்டர்'. கிட்டத்தட்ட மேனேஜர் மாதிரி. ஒரே வித்தியாசம், இவர் பேசுவதை மற்றவர்கள் ஆர்வமாகக் கேட்பார்கள். "இருட்டான குகை. எதிரே இரும்புக் கதவு. அந்தப் பக்கம் ஏதோ பெரிசா மூச்சு விடுற சத்தம். என்ன பண்ணப் போறீங்க?" என்பார். பகலெல்லாம் வரவு செலவு எழுதிய குமாஸ்தா இங்கே கைதேர்ந்த திருடன். "சத்தமில்லாம பூட்டைத் திறக்கிறேன்" என்பார். திறந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். நம் தாயக்கட்டைக்கு நாலு பக்கம் என்றால் இவர்களிடம் நாலு முகம், ஆறு முகம், எட்டு, பத்து, பன்னிரண்டு என்று விதவிதமாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ராஜா, இருபது முகப் பகடை.

இதில் ஜெயித்தவன், தோற்றவன் கிடையாது. ஆட்டத்துக்கு முடிவும் கிடையாது. இந்த வாரம் குகை, அடுத்த வாரம் கோட்டை என்று வருஷக்கணக்கில் ஓடும். நீங்கள் உருவாக்கிய வீரன் அனுபவம் சேர்த்துப் படிப்படியாக மேலே போவான். ஆபீஸில் பிரமோஷன் நிற்கலாம், இங்கே நிற்காது. பத்து வருஷம் ஒரே பாத்திரத்தை ஆடியவர்கள் உண்டு. அவனுடைய பலம், புத்தி, கத்தி எல்லாம் ஒரு தாளில் எண்களாக இருக்கும். ரப்பர் போட்டு அழித்து அழித்துத் தாளே நைந்து போயிருக்கும்.

அந்தத் தாளில்தான் கம்பெனி கை வைக்கப் போகிறது என்றால்?

★

ஏன் கை வைத்தார்கள் என்பதற்குப் பின்னால் ஒரு திவால் கதை.

விளையாட்டை நடத்தி வந்த கம்பெனியின் பெயர் டி.எஸ்.ஆர். கைகாக்ஸ் ஆரம்பித்ததுதான். 1985ல் அதன் பிடி அவர் கையை விட்டே போய்விட்டது. 1989ல் இரண்டாம் பதிப்பு வந்தது. அதன்பின் கம்பெனி புத்தகமாக அடித்துத் தள்ளியது. ஒரே விளையாட்டுக்குப் பத்து விதமான கற்பனை உலகங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பெட்டி, வரைபடம், துணைப் புத்தகம். ஓர் உலகத்தை வாங்கியவன் அடுத்ததை வாங்கவில்லை. கடைக்குப் போன சரக்கு திரும்பி வந்தது. 1996 முடியும்போது அச்சகத்துக்குப் பாக்கி. அச்சகம் இயந்திரத்தை நிறுத்திவிட்டது. 'டிராகன்' என்று அவர்கள் நடத்திய மாதப் பத்திரிகைகூட சில மாதம் வரவில்லை.

ரசிகர்களுக்கு அந்தக் கம்பெனி மேல் இன்னொரு கோபமும் இருந்தது. ஆசையாகத் தாங்களே எழுதிய மந்திரங்களையும் அரக்கர்களையும் இன்டர்நெட்டில் போட்டவர்களை 1990களின் நடுவில் டி.எஸ்.ஆர். வக்கீல் பாஷையில் மிரட்டியது. ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? அந்த மூன்று எழுத்துக்குப் புது விரிவு கண்டுபிடித்தார்கள்: 'தே ஸூ ரெகுலர்லி'. தவறாமல் கேஸ் போடுகிறவர்களாம்!

1997ல் கம்பெனியை விலைக்கு வாங்கியது சியாட்டில் பக்கத்து 'விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்'. 'மேஜிக்' என்ற சீட்டு விளையாட்டில் கொழித்தவர்கள். தலைவர் பீட்டர் அட்கிஸன், தானே சின்ன வயசிலிருந்து டி அண்ட் டி ஆடியவர். ரசிகன் கையிலேயே படக் கம்பெனி வந்த மாதிரி. 1999 ஆகஸ்ட்டில், அப்போது மில்வாக்கியில் வருஷா வருஷம் கூடி வந்த 'ஜென் கான்' திருவிழாவில் அறிவித்தார்கள்: மூன்றாம் பதிப்பு வருகிறது, அடுத்த வருஷம் இதே விழாவில்.

ஆரம்பித்தது ரகளை.

★

அந்த ஒரு வருஷம்தான் என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் ருசியான பகுதி. 'டிராகன்' பத்திரிகையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புது விதிகளைக் கசிய விட்டார்கள். இந்த மாதம் ஒரு துணுக்கு, அடுத்த மாதம் ஒரு துணுக்கு. ஒவ்வொரு துணுக்குக்கும் ரசிகர்கள் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்தார்கள்.

பெரிய சண்டை 'தாக்கோ' பற்றி. பெயரைப் பார்த்தால் நம் 'தாக்கு' மாதிரி இருக்கிறது அல்லவா? விஷயமும் அதேதான். எதிரியின் கவச எண் பூஜ்யமாக இருந்தால், அடி விழ நீங்கள் பகடையில் எவ்வளவு போட வேண்டும் என்பதுதான் தாக்கோ. பழைய முறையில் கவசம் கெட்டியாக ஆக எண் குறையும். பூஜ்யத்துக்குக் கீழே மைனஸிலும் போகும். உங்கள் தாக்கோ 15, எதிரியின் கவசம் 3 என்றால் கழித்து 12. பன்னிரண்டோ அதற்கு மேலோ விழுந்தால் அடி. கவசம் மைனஸ் 2 என்றால்? பதினைந்தில் மைனஸ் இரண்டைக் கழி... ராத்திரி பதினொரு மணிக்கு, பக்கத்தில் ஒருத்தர் "சீக்கிரம்யா" என்று கத்தும்போது!

புது முறையில் எல்லாமே கூட்டல். கவசம் கெட்டியாக ஆக எண் ஏறும். பகடையில் விழுந்ததோடு உங்கள் பலத்தைக் கூட்டு. கவச எண்ணைத் தொட்டால் அடி. முடிந்தது.

நான் பேப்பர் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பழைய கவசம் 3 என்பது புது முறையில் 17. பழைய தாக்கோ 15 என்பது புதுசில் பலம் 5. பகடையில் எவ்வளவு வேண்டும்? பதினேழில் ஐந்து போனால் பன்னிரண்டு. அதே பன்னிரண்டு! அடி விழும் வாய்ப்பு அதிலும் நூற்றுக்கு 45, இதிலும் 45. ஒரு இம்மி மாறவில்லை. இதற்கா அந்தச் சண்டை?

இதற்குத்தான். கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டதை ஒருத்தன் வந்து "இனி இது தேவையில்லை" என்றால் கோபம் வராதா? டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவரின் மேஜையில் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தபோது அவர் முகம் எப்படி இருந்தது, நினைத்துப் பாருங்கள். தாக்கோ தெரிந்தவன் உள்ளூர் ஆள், தெரியாதவன் புதுசு. அந்த வேலியைப் பிடுங்குகிறார்களே என்ற ஆதங்கம்.

அடுத்தது, குள்ளர் விவகாரம். பழைய விதிப்படி குள்ளர் இனத்தவன் மந்திரவாதி ஆக முடியாது. தர்ம வீரனாக இருக்கும் தகுதி மனிதனுக்கு மட்டும்தான். மற்ற இனத்தவர் ஒரு படிக்கு மேல் ஏறவும் முடியாது. புது விதியில் யார் வேண்டுமானாலும் எதுவும் ஆகலாம், எவ்வளவும் ஏறலாம். "குள்ளன் மந்திரம் போடுவதா, உலகம் தாங்குமா?" என்றது ஒரு கட்சி. "டிராகன் பறக்கிற உலகத்தில் இதுதான் தாங்காதாக்கும்" என்றது இன்னொரு கட்சி. என் ஓட்டு இரண்டாவது கட்சிக்கே. பிறப்பைக் காட்டிக் கதவைச் சாத்துவது கற்பனை உலகத்திலுமா வேண்டும்?

"இது வீடியோ கேம் மாதிரி ஆயிடுச்சு" என்றும் ஒரு புகார் இருந்தது. புத்தகத்தையே பார்க்காமல் சொன்ன புகார். படம் ரிலீஸ் ஆவதற்கு முன்பே விமர்சனம் எழுதுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

எழுதியவர்கள் ஜோனதன் ட்வீட், மான்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் என்ற மூன்று பேர். இதில் வில்லியம்ஸ், 'டிராகன்' பத்திரிகையில் வருஷக்கணக்காக வாசகர்களின் விதிச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லி வந்தவர். எங்கே இடிக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? பழைய பாத்திரங்களைப் புதுக் கணக்குக்கு மாற்ற ஒரு சிறு கையேடும் போட்டார்கள். அந்த நைந்த தாளுக்குக் கம்பெனி காட்டிய மரியாதை.

ஒரே ஒரு கோளாறு. ஆகஸ்ட்டில் வந்தது வீரர்களுக்கான புத்தகம். டன்ஜன் மாஸ்டருக்கான புத்தகம் செப்டம்பரில். அரக்கர்களின் முழுப் பட்டியல் அக்டோபரில்! கத்தியைத் தீட்டிக்கொண்டு இரண்டு மாதம் காத்திரு, ராட்சசன் பின்னால் வருகிறான் என்கிற கதை.

★

ஆனால் அந்த வியாழக்கிழமை நடந்த பெரிய விஷயம் வேறு. அதே விழாவில், அதே விதிகளை வைத்து வேறு இரண்டு குட்டிக் கம்பெனிகள் தங்கள் சாகசக் கதைகளை விற்றன. அட்லஸ் கேம்ஸின் 'த்ரீ டேஸ் டு கில்', கிரீன் ரோனினின் 'டெத் இன் ஃப்ரீபோர்ட்'. கேஸ் இல்லை, நோட்டீஸ் இல்லை. மிரட்டிக்கொண்டிருந்த இடத்தில் எழுத்து மூலம் அனுமதி!

இது ரயன் டான்ஸி என்பவரின் யோசனை. கம்ப்யூட்டர்க்காரர்கள் இலவச மென்பொருளுக்கு வைத்திருந்த உரிம முறையை இங்கே கொண்டுவந்தார். 'ஓபன் கேமிங் லைசென்ஸ்' என்று பெயர். அடிப்படை விதிகளை எவரும் எடுத்துத் தங்கள் கதையை எழுதி விற்கலாம், ராயல்டி வேண்டாம். டி அண்ட் டி என்ற பெயரை மட்டும் போடக்கூடாது. தர்மம் மட்டும் இல்லை, வியாபாரமும் இருக்கிறது. சாகசக் கதையில் லாபம் குறைச்சல். அந்தக் கஷ்டத்தை மற்றவன் படட்டும்; எவன் கதையை வாங்கினாலும் ஆட நம் விதிப் புத்தகம் வேண்டுமே!

கணக்கு பலித்தது. வேலைக்குப் போய்க்கொண்டே ராத்திரியில் எழுதியவர்கள் பதிப்பாளர் ஆனார்கள். இதை நம்பி ராஜினாமா கொடுத்தவர்களும் உண்டு. 2003ல் 'மூன்றரை'ப் பதிப்பு வந்தபோது "மூணு வருஷத்திலேயே மறுபடியும் காசா?" என்று முனகிக்கொண்டே வாங்கினார்கள். 2008ல் நான்காம் பதிப்பு ரொம்பவே மாறிப் போய், பழைய உரிமத்தை விட்டு விலகியும் நின்றது. பைஸோ என்ற கம்பெனி அதே லைசென்ஸைக் கையில் பிடித்து, 2009ல் மூன்றரையையே மெருகேற்றி 'பாத்ஃபைண்டர்' என்று இறக்கியது. பெற்ற கம்பெனிக்கே போட்டி!

2014ல் ஐந்தாம் பதிப்பு சக்கைப் போடு போட்டது. அப்புறம்தான் வினை. 2023 ஜனவரியில் ஒரு வரைவு வெளியே கசிந்தது. பழைய லைசென்ஸை ரத்து செய்யப் போகிறார்களாம். வருஷம் ஏழரை லட்சம் டாலருக்கு மேல் விற்றால், அதற்கு மேற்பட்ட வருமானத்தில் 25 சதவிகிதம் கப்பமாம். லாபத்தில் இல்லை, மொத்த வருமானத்தில்! அச்சுக்கூலி, பேப்பர், தபால் போக மிஞ்சுவதே கொஞ்சம் என்கிற தொழிலில் இது கழுத்தில் கத்தி.

ராயல்டி கட்ட வேண்டிய நிலையில் இருந்தவர்கள் விரல் விட்டு எண்ணக் கூடியவர்கள். பொங்கி எழுந்தது, ஒரு பைசா சம்பந்தம் இல்லாத ரசிகர்கள். கம்பெனிக்குக் கட்டி வந்த மாதச் சந்தாவைக் கூட்டம் கூட்டமாக ரத்து செய்தார்கள். பாத்ஃபைண்டருக்கு எட்டு மாதத்துக்கென்று வைத்திருந்த ஸ்டாக் இரண்டே வாரத்தில் காலி என்றது பைஸோ. ஜனவரி 27ல் கம்பெனி இறங்கி வந்தது. பழைய லைசென்ஸில் கை வைக்க மாட்டோம் என்றதோடு, அடிப்படை விதிகளை 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்திலும் கொடுத்துவிட்டது. திரும்ப வாங்க முடியாத தானம்.

சரி, தாக்கோவுக்காக மல்லுக்கட்டிய அந்தப் பழைய ஆசாமிகள் என்ன ஆனார்கள்? அவர்களில் சிலர், தங்களுக்குப் பிடிக்காத மூன்றாம் பதிப்பின் லைசென்ஸையே எடுத்து, அதை வைத்து முதல் பதிப்பின் விதிகளைத் திரும்ப எழுதி 2006ல் வெளியிட்டார்கள். 'ஆஸ்ரிக்' என்று பெயர். 2012, 2013ல் கம்பெனியே பழைய முதல், இரண்டாம் பதிப்புகளைக் கெட்டி அட்டை போட்டு மறுபடி அச்சிட்டது. தாக்கோ, மைனஸ் கவசம், குள்ளருக்கு மந்திரத் தடை... எல்லாம் அப்படியே. அதையும் வாங்கினார்கள்.