புதரிலிருந்து வரும் காய்ச்சல்

சேர்வராயன் மலையில் நாகலூர்ப் பக்கம் காப்பிப் பழம் பறிக்கும் பருவமும், தமிழகத்தில் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் கூடும் மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது இதைத்தான். புதரை ஒட்டி நாள் முழுக்க வேலை செய்கிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

எந்த இனத்துக் கிருமி?

1884இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்டறிந்த சாயமேற்றும் முறை பாக்டீரியாக்களை இரண்டாகப் பிரித்தது. ஊதாச் சாயத்தைப் பிடித்துவைப்பவை கிராம் பாசிட்டிவ், விட்டுவிடுபவை கிராம் நெகட்டிவ். உருண்டை, கோல், சுருள் என்று வடிவத்தாலும் பிரிக்கிறோம். ஆனால் ஸ்க்ரப் டைபஸை உண்டாக்கும் 'ஓரியன்ஷியா சுட்சுகமுஷி' அந்தச் சாயத்தில் சரியாகத் தெரியாது. நம் உயிரணுக்களுக்குள் மட்டுமே பெருகும் என்பதால் வழக்கமான ஆய்வக ஊடகங்களில் வளரவும் வளராது. முன்பு ரிக்கெட்சியா பேரினத்தில் வைத்திருந்தார்கள். 1995இல் தனிப் பேரினமாக்கினார்கள்.

இந்த வகைப்பாடு நோயாளியின் உயிரோடு சம்பந்தப்பட்டது. பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்கும் பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் இதற்குக் கேட்பதில்லை. உயிரணுவுக்குள் புகுந்து வேலை செய்யும் டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் வேண்டும். ஏதோ ஓர் ஊசி போட்டும் காய்ச்சல் விடவில்லை என்று நாள் கடத்துவதுதான் ஆபத்து. நுரையீரல், சிறுநீரகம், மூளை எல்லாம் பாதிக்கப்படலாம்.

எது கடித்துப் பரவுகிறது?

மாட்டில் ஒட்டும் பெரிய உண்ணி அல்ல. கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணியின் இளம்புழு. வழக்கமாக அது எலிகளைக் கடிக்கும். புல்லிலும் புதரிலும் காத்திருந்து, வழியில் வரும் மனிதரையும் கடிக்கும். தாய்ச் சிற்றுண்ணியிலிருந்து முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கும் கிருமி போகிறது. மனிதரிடமிருந்து மனிதருக்கு ஒட்டாது. ஆகவே நோயாளியை ஒதுக்கிவைக்க எந்தக் காரணமும் இல்லை.

உடம்பில் தேட வேண்டியது

கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, உடல்வலி வரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு உண்டாகலாம். வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, மார்பகத்தின் அடிப்பகுதி என்று மறைவான இடங்களில் இருப்பதால் பலர் கவனிப்பதே இல்லை. பெண்கள் கூச்சத்தில் சொல்லாமலும் விடுகிறார்கள். தயவுசெய்து சொல்லுங்கள். பொருக்கு இல்லாமலும் நோய் இருக்கலாம், அப்போது ரத்தப் பரிசோதனை உதவும்.

தீவிரமான நோய்க்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ரத்தக்குழாயில் செலுத்துவது, ஒன்றை மட்டும் தருவதைவிட நல்ல பலன் தருகிறது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை தலைமையில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆரம்பத்திலேயே வந்தால் பெரும்பாலும் மாத்திரையே போதும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் தருவார்கள். எதையும் மருத்துவர் சொல்லித்தான் சாப்பிட வேண்டும்.

தோட்டத்துக்குப் போகும்போது

தடுப்பூசி இன்னும் இல்லை. முழுக்கைச் சட்டை, காலை மூடும் உடை, காலணி அணியுங்கள். வெறும் புல்தரையில் உட்காரவோ துணியைக் காயப்போடவோ வேண்டாம். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுத்திய துணியை வெந்நீரில் துவையுங்கள். வீட்டைச் சுற்றிப் புதர் மண்டாமலும் எலி சேராமலும் பாருங்கள். காய்ச்சல் வந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், எஸ்டேட்டில் களை வெட்டினேன், பழம் பறித்தேன் என்பதை மருத்துவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.