பிளாஸ்டிக் குழாய் கசிகிறதா? 'இன்னும் ரெண்டு முறுக்கு' போடாதீங்க!

இளையரசனேந்தல்:

கோவில்பட்டி, சங்கரன்கோவில் வட்டார கரிசல் கிராமங்களில் குடிதண்ணீரின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர் என்பது கணக்கு. வாசல் குழாயில் நொடிக்கு ஒரு சொட்டு கசிந்தாலே தினமும் 4 லிட்டருக்கு மேல் வீணாகும். மாதத்துக்கு எட்டு, பத்து குடம் தண்ணீர் மண்ணோடு போய்விடும்.

கசிவை பார்த்ததும் ரெஞ்சை எடுத்து 'இன்னும் ரெண்டு முறுக்கு' போடுவது நம்ம ஊர் பழக்கம். இரும்பு குழாய் அதை தாங்கும். பி.வி.சி. குழாய்க்கு அதுவே எமன்.

ஏன் வெடிக்கிறது?

குழாயின் வெளி மரை பெரும்பாலும் நுனியில் சிறுத்து, போகப்போக பருத்து இருக்கும். முறுக்க முறுக்க ஆப்பு அடித்த மாதிரி, மேலே மாட்டிய எல்போ, டீயை விரிக்கும். பிளாஸ்டிக் என்றால் மயிரிழை கீறல் விடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்து மோட்டார் போட்டு அழுத்தம் ஏறும்போது பிளந்துகொள்ளும்.

கரிசல் மண் வேறு மழைக்கு உப்பும், கோடைக்கு வெடிக்கும். புதைத்த குழாயும் கூடவே அசையும். அளவுக்கு மீறி இறுக்கிய மூட்டுதான் முதலில் போகும்.

டேப் சுற்றுவது எப்படி?

மரையை துணியால் துடைத்து ஈரம், மண் இல்லாமல் செய்ய வேண்டும். மரையின் நுனி நம்மை பார்த்து இருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் டெப்லான் டேப்பை இழுத்துப் பிடித்து சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் முறுக்கும்போது பிரிந்து வந்துவிடும்.

அரை இஞ்ச் குழாய்க்கு நாலைந்து சுற்று போதும். நுனியில் முதல் மரையை விட்டுவிட்டால் டேப் துணுக்கு தண்ணீரில் போகாது. அதிகமாக சுற்றினாலும் ஆப்பு வேலைதான் நடக்கும்.

எவ்வளவு இறுக்கலாம்?

முதலில் கையாலேயே முடிந்தவரை இறுக்க வேண்டும். பிறகு ரெஞ்சால் ஒரு சுற்று, மிஞ்சினால் இரண்டு. அதோடு கையை எடுத்துவிட வேண்டும். குழாய் வாய் கோணலாக நிற்கிறது என்று பின்னால் திருப்பினால் டேப் கிழிந்து கசியும். கழற்றி, புது டேப் சுற்றி மாட்டுவதே வழி.

மரையில் சொலூஷன் தடவக்கூடாது. அது மரை இல்லாமல் சொருகும் மூட்டுக்கு உரியது. ரப்பர் வளையம் உள்ள யூனியனுக்கு டேப் தேவையில்லை. வளையம் தேய்ந்தால் மாற்றினால் போதும்.

பித்தளை டேப்பை பிளாஸ்டிக் எல்போவில் மாட்டுவதுதான் அதிகம் உடைகிற இடம். உள்ளே பித்தளை மரை வைத்த எல்போ வாங்கினால் கொஞ்சம் விலை கூடும். ஆனால் திரும்பத் திரும்ப தோண்டும் வேலை மிச்சம்.

நோயும் வரும்

தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் குறையும். அப்போது கசிவு உள்ள இடத்தில் சாக்கடை தேங்கி இருந்தால், அந்த அழுக்கு உள்ளே போய் வயிற்றுப்போக்கு வரை கொண்டுவிடும். அதனால் மூட்டை மண் போட்டு மூடும் முன், தண்ணீர் வரும் நேரத்தில் உலர்ந்த துணியால் துடைத்து, கசிகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிடுவது நல்லது.