வாழைப்பழ வாசனை வீசும் பிரெஞ்சு ரெட் ஒயின்... அறுவடையான சில வாரங்களிலேயே விற்பனைக்கு வருவது எப்படி?

ஒயின் என்றாலே பழசாக ஆகத்தான் ருசி என்று கேள்விப்பட்டிருப்போம். ஆனா பிரான்ஸின் 'போஜொலே நூவோ'வுக்கு அந்தக் கணக்கு செல்லாது. இலையுதிர் காலத் தொடக்கத்தில் பறித்த திராட்சை, நவம்பர் மாதம் 3-வது வியாழக்கிழமை ஒயினாகி கிளாஸுக்கு வந்துவிடும். 1985-லிருந்து இதுதான் வெளியீட்டு நாள். 'நூவோ' என்றால் புதுசு என்று அர்த்தம்.

வாழைப்பழம் எங்கிருந்து வந்தது?

லியோன் நகருக்கு வடக்கே உள்ள போஜொலே பகுதியில் விளையும் கமே என்ற கருந்திராட்சையில்தான் இது தயாராகிறது. வழக்கமாக ரெட் ஒயினுக்குப் பழத்தை நசுக்கி, தோலோடு ஊறவைத்து நொதிக்க விடுவாங்க. இங்கே கொத்துக் கொத்தாக அப்படியே தொட்டியில் போட்டு மூடிடுவாங்க. தொட்டிக்குள் கார்பன் டை ஆக்ஸைடு நிரம்பும். ஆக்சிஜன் இல்லாததால், நசுங்காத பழத்துக்குள்ளேயே நொதித்தல் தொடங்கிவிடும். சில நாட்களிலேயே பிழிந்துவிடுவதால், தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்பு அதிகம் இறங்காது.

ஒயினில் யாரும் வாழைப்பழம் கலக்குவதில்லை. வாழைப்பழத்துக்கு மணம் தரும் ஐசோஅமைல் அசிடேட், நொதிக்கும்போது இதிலும் உருவாகிறது. அவ்வளவுதான்.

எப்படி ருசி பார்க்கிறாங்க?

ரெட் ஒயினை ஜில்லென்று குடிக்கக் கூடாதுன்னு சொல்வாங்க. இது விதிவிலக்கு. சுமார் 12, 13 டிகிரி செல்சியஸுக்குக் குளிர வைக்கணும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, வெள்ளைத் தாளுக்கு மேலே சாய்த்துப் பார்த்தால் ஓரம் ஊதா கலந்து தெரியும். இளம் ஒயினின் அடையாளமே அதுதான்; வயதான ஒயினின் ஓரம் செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கும். அடுத்து, கிளாஸை மெல்லச் சுழற்றி மோந்தால் ஸ்ட்ராபெர்ரி, செர்ரி வாசனை வரும். ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினால் புளிப்பில் எச்சில் ஊறும். ஈறைப் பிடிக்கிற துவர்ப்பு பெரிதாக இருக்காது.

'இதெல்லாம் ஒரு ஒயினா?' என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. இதில் ஆழம் தேடினால் ஏமாற்றம்தான். சில மாதங்களுக்குள் குடித்துத் தீர்ப்பதற்காகவே செய்வதில் அதைத் தேடுவதும் நியாயமில்லை.

உண்மையான சிக்கல் வேறு. நூவோவின் புகழால், போஜொலே என்றாலே லேசான சரக்கு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதே பகுதியில், அதே கமே திராட்சையில் தயாராகும் மோர்கோன், மூலான்-ஆ-வான் ஒயின்கள் பல வருடம் தாங்கக்கூடியவை. அந்த பாட்டில்களில் பெரும்பாலும் ஊர்ப் பெயர்தான் பெரிதாக இருக்கும், போஜொலே என்ற பெயரைத் தேடித்தான் பார்க்கணும்.